படகில் நின்று எண்ணுபவர்

சாம்பியன் ரீப்ஸ், கோலார் தங்கவயல்
12-3-1968

தம்பிக்கு,

காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கக் கற்கப் போகிறாயாம். நீ வேலை பார்க்கும் கப்பல் இரண்டு ஊரிலும் நிற்கும், சிங்கப்பூரிலா பினாங்கிலா என்று கேட்கிறாய். பினாங்கில் தண்ணீர் தெளிவு என்கிறாய். தெளிவாக இருந்து என்ன?

இரண்டு இடத்திலும் ஒன்றே ஒன்று கேள். இறங்கியவர்கள் எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று படகில் நின்று எண்ணுவது யார்? முகத்தைப் பார்த்து எண்ணுகிற ஆள் இருக்கும் இடத்தில் கற்றுக்கொள். இல்லாத இடத்தில் காலைக்கூட நனைக்காதே.

அம்மாவுக்கும் தெரியாததை எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப்போடு.

சுரங்கத்தில் இறங்கும்போது வாங்கும் டோக்கனை மேலே வந்து கொடுத்தால் பலகையில் மாட்டுவார்கள். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே என்று தேடுவார்கள். அன்று ஷிப்ட் முடிந்ததும், ஆட்களை மேலே ஏற்றும் கேஜ் கூண்டின் முன்னால் நம் நைனா தன் டோக்கனை என் கையில் திணித்தார்.

"நீ இந்த கேஜ்ல போ. என்னுதையும் சேத்துக் குடுத்துடு, க்யூல நிக்க முடியல. அடுத்த கேஜ்ல வரேன்."

கொடுத்துவிட்டு நேரே ஆண்டர்சன்பேட்டைக்கு சினிமா பார்க்கப் போய்விட்டேன். உள்ளே பாறை சரிந்திருக்கிறது. பலகையில் ஓர் ஆணியும் காலியாக இல்லை. யாரும் தேடவில்லை.

உடனே உயிர் போய்விட்டது என்று உனக்கு எழுதியது பொய். அடுத்த ஷிப்ட் ஆட்கள் கண்டெடுத்தபோது நைனா உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

மேலே வந்ததும் உன் பெயரை நீயே சொல். வேறு யாரையும் சொல்ல விடாதே, கூடப் பிறந்தவனையும்.

உன் அண்ணன்