மை ஊறாத நோட்டு

இன்னும் சண்டை முடியாத என் அன்புள்ள சேகர் அப்பாவுக்கு,

உங்கள் பேனாவில்தான் எழுதுகிறேன். திடுக்கிட வேண்டாம். இருந்தவரை அதைச் சட்டைப் பையிலிருந்து நீங்கள் இறக்கியதில்லை. ஒரு தடவை பால்காரருக்குச் சீட்டு எழுத எடுத்தேன். "அடுத்தவ கை பட்டா நிப்பு கோணிக்கும், வைடி கீழ" என்றீர்கள். அடுத்தவளாம்! கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து. அன்றைக்கு நீங்கள் போட்டிருந்தது காலர் கிழிந்த நீலச் சட்டை. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

அந்த நினைவைத்தான் இந்த வீட்டில் இப்போது யாரும் நம்புவதில்லை. வாசல் கிரில் கேட்டில் வெளிப்பக்கமாகப் பூட்டு. நம் சேகரும் மருமகள் கவிதாவும் காலையில் வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் புறப்படும்போது பூட்டிவிட்டுப் போகிறார்கள். சாவி அவன் பேன்ட் பையில், பதினாறு கிலோமீட்டர் தள்ளி. அவர்கள் திரும்பும்வரை நானும் மூன்று அறைகளும். கேட்டருகே நின்றால் எனக்குத் தெரு தெரியும், தெருவுக்கு என்னைத் தெரியும். எங்களுக்குள் அவ்வளவுதான் போக்குவரத்து.

எதற்கு என்கிறீர்களா? உங்கள் பேனா காய்ந்து கிடந்தது, இங்க் வாங்கப் போனேன். ஆம்பூரில் கேட்ட இரண்டு கடையிலும் புட்டி இல்லை என்றார்கள். வேலூருக்கு பஸ் ஏறிப் போய் வாங்கினேன். திரும்பும்போது பள்ளிகொண்டா தாண்டி பஸ் டயர் போய்விட்டது. அடுத்த பஸ் கிடைத்து ஊர் வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். போன் வீட்டில் இருந்தது. மறந்து வைத்ததல்ல, கையில் அது ஒரு கனம் என்று வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனது.

பஸ் ஸ்டாண்டில் சேகர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் என் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் திட்டவில்லை. அழுதுவிட்டான். "வழி தெரியாம எங்கம்மா போய்ட்ட?" என்றான். நான் என்ன சொன்னாலும் அவன் காதில் ஏறவில்லை.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நீங்கள் போனதும் அதே பஸ் ஸ்டாண்டுதான். யாரோ முகம் தெரியாதவர் உங்கள் போனிலிருந்து எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் ஓடி வந்தபோது உங்கள் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். அந்தப் பயத்தை அவனுக்கு விட்டுப் போனது யார்? பூட்டை வாங்கியது அவன். ஆனால் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. சொல்லாமல் ஒரேயடியாகப் போனதற்கு உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீங்கள் கேட்கவும் இல்லை.

என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். "தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. நீங்க படிச்சிப் பாருங்க. ஒரு மாசம் கழிச்சி கூட்டிட்டு வாங்க" என்றார் அவர். பூட்டை எடுக்கிற பேச்சே அந்த ஒரு மாசத்துக்குப் பிறகுதானாம். நாலாவது வரை படித்தவளுக்கு இந்த வயதில் பரீட்சை.

பால்பாயின்ட் பேனாவை என்னால் அழுத்த முடியாது. தோல் கம்பெனி ஃபினிஷிங் செக்‌ஷனில் இருபத்திரண்டு வருஷம் தோலை இழுத்துப் பிடித்த கட்டைவிரல், மடங்க மறுக்கிறது. உங்கள் பேனா தொட்டாலே எழுதுகிறது. அதற்கு வேண்டியது ஒரு நோட்டு. கவிதாவிடம், "நல்லா தடிமனா பாத்து வாங்கினு வாம்மா" என்றேன். அங்கேதான் நான் ஏமாந்தேன். கையில் எடுத்ததும் கனம் பார்ப்பது தோல் வேலையில் வந்த புத்தி. தாளுக்கு அது சரிப்படாது என்று யார் சொன்னார்கள்?

அவள் கொண்டுவந்தது மினுமினு அட்டை, மெத்தென்ற தாள். எழுதினேன். ஒவ்வோர் எழுத்துக்கும் பூரான் மாதிரி கால் முளைத்தது. பின்பக்கமும் மை தெரிந்தது. சேகர் அதைப் பிரித்துப் பார்த்தான், படிக்கவில்லை. கவிதா பக்கம் திரும்பி, "கை ரொம்ப நடுங்குது பாரு" என்றான், எனக்குக் கேட்காது என்று நினைத்து.

"கை இல்லடா, தாளு!" என்றேன்.

"சரிம்மா, சரி."

அந்தச் 'சரி' இருக்கிறதே, அதற்கு அவன் என்னைத் திட்டியிருக்கலாம். புத்தி பிசகியவர்களிடம் சொல்லும் சரி அது. இப்படியே முப்பது பக்கம் மை ஊறிக் கிடந்தால் டாக்டரம்மா என்ன எழுதிக் கொடுப்பார்?

கவிதா போனில் ஒரு நோட்டைக் காட்டினாள். வெளிநாட்டுத் தாளாம், மை பேனாவுக்கென்றே செய்ததாம். விலையைக் கேட்டேன். அதற்கு ஒரு புடவை எடுக்கலாம். வேண்டாம் என்றேன்.

எதிர்வீட்டு ஷமீமை உங்களுக்குத் தெரியும். தையல் மெஷினோடு காலையிலிருந்து கத்துவாளே, அவள்தான். கேட்டருகே கூப்பிட்டுச் சொன்னேன்: "கடையில இருக்கிற நோட்டுல ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு வாங்கினு வா. எது எந்த நோட்டுன்னு எழுதிக்கினு வா."

"நோட்டக் கிழிச்சா குடுப்பான்? இன்னா ஆயா, பேஜாரு பண்ற!" என்றாள். ஆனாலும் போனாள். "தாள மோந்து பாத்து வாங்குறதுக்கு இது இன்னா மீன் கடையா?" என்று கடைக்காரர் கேட்டாராம். கடைசிப் பக்கத்தின் ஓரங்களைக் கிழித்து, நாலு துண்டு கொடுத்திருக்கிறார்.

கிரில் கம்பி வழியாக வாங்கிக்கொண்டேன். தோலுக்கு நாங்கள் செய்வதைத்தான் செய்தேன். விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொன்றிலும் வைத்தேன். ஈரத்தை உடனே குடித்துவிட்டால் அது வண்ணத்தையும் அப்படித்தான் குடிக்கும், திட்டுத் திட்டாக. இரண்டு துண்டு உடனே குடித்தன. மூன்றாவது மெழுகு போல, ஈரத்தை ஏற்கவே இல்லை. அதில் எழுதினால் மை காயாமல் புறங்கையில் ஒட்டும். நாலாவதில் ஈரம் கொஞ்சம் நின்று, யோசித்து, மெல்ல இறங்கியது. அதில் பேனாவை வைத்து ஒரு கோடு இழுத்தேன். முடி மாதிரி நின்றது. திருப்பினேன். பின்பக்கம் சுத்தம்.

"ஷமீமு, இதுதான்!"

"அய்ய, இதுவா? இருக்கிறதுலயே கம்மி வெல இதான் ஆயா. பழுப்பு அட்டை. ஆபீசுக்காரங்க வாங்குறது."

மெல்லிய தாள்தான், ஆனால் விறைப்பு. ஆட்டினால் சத்தம் வரும். ரெண்டு நோட்டு வாங்கச் சொன்னேன், ஒரே கட்டிலிருந்து. தோல் மாதிரிதானே, கட்டுக்குக் கட்டு மாறும்.

முதல் பக்கத்தில் அந்த வேலூர் நாளை எழுதினேன். எந்த பஸ், கண்டக்டர் என்ன சொன்னார், டயர் போன இடத்தில் யார் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், எல்லாம். சேகர் நின்றபடி படிக்க ஆரம்பித்தவன், உட்கார்ந்து முடித்தான்.

"இங்க் வாங்கவாம்மா போன?"

"கேட்டியாடா நீ?"

இன்னொரு தடவை படித்தான். தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தான். எழுத்துகள் ஒன்றுகூட நடுங்கவில்லை.

இன்று காலையிலும் பூட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு மனசு விட்டுப்போனது. ஆனால் பைக் உடனே கிளம்பவில்லை. எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கதவைத் தட்டிச் சாவியை ஷமீமிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். "அம்மா கேட்டா தெறந்து விடுக்கா. எங்க போறாங்கன்னு மட்டும் கேட்டுக்கோ." என் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அப்படியே உங்கள் பிள்ளை.

பதினாறு கிலோமீட்டரில் இருந்த சாவி பதினாறு அடிக்கு வந்திருக்கிறது. பூட்டு அப்படியேதான் தொங்குகிறது. கடைக்குப் போகவும் ஒருத்தியைக் கேட்க வேண்டும். இன்றைக்கு நான் கேட்கவில்லை. எனக்கும் வீம்பு இருக்கிறது.

இந்த நோட்டில் இன்னும் நிறையப் பக்கம் இருக்கிறது. தினமும் எழுதுவேன், அவன் படிப்பான். கடைசிப் பக்கம் வருவதற்குள் அந்தச் சாவி என் கைக்கு வரும். அப்போது நானே திறந்து, நானே போய் இங்க் வாங்குவேன். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். உங்களை மாதிரி இல்லை. இது சத்தியம்.

நிப்பு கோணவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அடுத்தவள் அல்லாத உங்கள் வீட்டுக்காரி,
சேகர் அம்மா