ஆறாம் மிஷினின் பஞ்சு

12 ஜூலை 2005, செவ்வாய்

ஆறாம் நிட்டிங் மிஷினடியில் பஞ்சுத் தூசு குறைவாகக் கிடந்தது. துணியும் குறைவாகத்தான் ஓடியிருக்கும் என்று ஆபரேட்டர் பழனிசாமியைத் திட்டிவிட்டேன்.

“ஏனுங்க சார், தூசியப் பாத்தா துணிய எடை போடுவீங்க? இது நல்லாச் சீவுன நூலுங்க. பஞ்சே உதுராதுங்க,” என்று சிரித்தார்.

எடை போட்டோம். அந்த மிஷினில்தான் துணி அதிகம். எனக்கு என் பழைய வானியல் ஆய்வு நினைவுக்கு வந்தது.

தொலைதூர விண்மீன் மண்டலங்களின் குளிர்ந்த ஹைட்ரஜன் நேரடியாகத் தெரியாது. அங்குள்ள கார்பன் மோனாக்சைடை அளந்துதான் அதைக் கணக்கிடுகிறார்கள். கார்பன் குறைந்த மண்டலத்துக்கு அதே விகிதம் பொருந்தாது, அங்கும் ஹைட்ரஜன் நிறைய இருக்கலாம் என்று எழுதியதற்குத்தான் என் வழிகாட்டிப் பேராசிரியர் ஆய்வேட்டைத் தூக்கி எறிந்தார். பதினாறு வருடமாக அவரை நான் மன்னிக்கவில்லை. இன்று அவருடைய அதே தப்பை நானே செய்தேன்!

அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன். ‘ஐயா, எங்கள் பழனிசாமியைக் கேளுங்கள்’ என்பதுதான் முதல் வரி.