தொட்டியில் முங்கிய தசாவதாரம்

விருதுநகர்
வியாழக்கிழமை

அன்பு மகள் பிரீத்திகாவுக்கு,

ஓவியாவின் பெட்டிகள் மழையில் நனையவில்லை. தண்ணீர்த் தொட்டியில் தள்ளியிருக்கிறார்கள். பெங்களூரு லாரி கிட்டங்கியின் மேலாளர் இன்று காலை போனில் என்னிடம் ஒப்புக்கொண்டார். மழை என்று அவள் உன்னிடம் சொன்னது, நீ கலங்கக் கூடாது என்பதற்காக.

மெல்போர்னில் குளிர் எப்படி? வாந்தி நின்றதா? மாதுளம்பழம் விடாமல் சாப்பிடச் சொல்கிறாள் அம்மா. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

நடந்தது இதுதான். பெங்களூருக் கடைக்காரர் கொலுவுக்காகக் கேட்ட காகிதச் சுருள் பொம்மைகளை, நீ வேலை பார்த்த தொழில் வழிகாட்டி மையத்துப் பட்டறையில் உட்கார்ந்து ஓவியா ஆடி, ஆவணி முழுக்கச் செய்தாள். பட்டாசுக் குழாய் சுற்றிப் பழகிய விரல்கள், அச்சகத்தில் வெட்டிக் கழித்த வண்ணக் காகிதத்தில் தசாவதாரம் சுற்றின. விலை போடவும் கடைக்காரர்களிடம் கூசாமல் பேசவும் நீ பழக்கிய பிறகு அவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர்.

அடுக்கியது பட்டாசுப் பெட்டியில். நிறம் தப்பி அச்சான பெட்டிகள் நம் பக்கம் எல்லா வீட்டிலும் கிடக்கும். அரிசி, பாடப்புத்தகம், கல்யாணச் சீர் எல்லாம் அதில்தான் போகும். மேலே இருக்கும் தரைச்சக்கரப் படம் நம் கண்ணில் படுவதே இல்லை. பெங்களூருவில் பட்டது. திருட்டுத்தனமாகப் பட்டாசு வந்திருக்கிறது என்று பயந்து, திறந்துகூடப் பார்க்காமல் தொட்டியில் தள்ளிவிட்டார்கள். லாரியில் ஏற்றும் முன்பே ஓவியா பெட்டிகளைப் படமெடுத்து உனக்கு அனுப்பினாள்; நீயும் அழகாக இருக்கிறது என்றுதான் பதில் போட்டாய். எனக்கும் காட்டினாள். யாருக்கும் உறைக்கவில்லை. அதை நினைத்து அழாதே.

நேற்று தாயில்பட்டிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்த பெட்டிகளை வாசலில் பிரித்து வைத்திருந்தாள். மச்சமும் கூர்மமும் வாமனனும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிக் கிடந்தன. எதிர்வீட்டு வீரலட்சுமி, ஏத்தா ஓவியா, ஒஞ்சாமிக பெங்களூரு போயிக் குளிச்சிட்டு வந்துட்டாகளா என்று கேட்டாள். ஆமக்கா, எண்ணெ தேச்சுவிடத்தான் ஆளில்ல என்று இவளும் சிரித்தாள். பிறகு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அவள் அப்பா முத்துக்கருப்பன்தான் பேசிக்கொண்டிருந்தார். தீபாவளி சீசன், ஆள் பற்றாக்குறை என்று பட்டாசுக் கம்பெனி போர்மேன் வந்துவிட்டுப் போனாராம். திங்கட்கிழமையிலிருந்து ஓவியா வேலைக்குப் போகிறாள். பாக்கிங் மட்டுந்தான் சார், மருந்து ரூம் பக்கமே விடமாட்டோம்னு சத்தியம் பண்ணிருக்காக என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஓவியாவின் அம்மா சோலையம்மாளையும் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங்குக்குத்தான் எடுத்திருந்தார்கள். அன்று மருந்து கலக்கும் அறைக்கு ஒரு ஆள் வரவில்லை. மற்றதை, இறந்தவர்களின் பெயரோடு, பத்திரிகைக்கு எழுதியவன் நான். அந்தப் பெயருக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவள் உன்னோடு நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது பட்டறைச் சாவியை என்னிடம் தந்தாள். அக்காகிட்ட சொல்லிறாதீக சார், வயித்துப்பிள்ளக்காரி, மனசு ஒடஞ்சிருவாக என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனாலும் இதை உன்னிடம் மறைக்க முடியாது. தபாலுக்கு நேரமில்லை, இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன்.

கடைக்காரரிடமும் பேசினேன். நல்ல மனிதர்தான். கொலு தொடங்கிவிட்டது, இனி அந்தப் பொம்மைகள் வேண்டாம் என்றார். கார்த்திகைக்குக் காகித விளக்குக் கூடு எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். பங்குதாரரிடம் கலந்து சனிக்கிழமை மாலைக்குள் சொல்கிறேன் என்றார். கையில் ஒரு ஆர்டர் இருந்தால் பட்டறையை அவளுக்கே விட்டுவைப்பதாக மையத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை.

உனக்கும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது. அவளுக்கும் வரக் கூடாது.

கடைக்காரர் முடியாது என்று சொன்னாலும் நீ ஓவியாவைப் போனில் கூப்பிட்டு, போகாதே என்று சொல். என்னிடம் மரியாதைக்குத் தலையசைக்கிறாள். உன் பேச்சைத்தான் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இருப்பாள். திங்கட்கிழமை விடிந்ததும் கம்பெனி வேன் தாயில்பட்டிக்கு வந்துவிடும், தாயே.

உன் அப்பா
சீனிவாசகம்