தட்டில் ஒரு தடித்த கோடு

பிறிஸ்டல், இங்கிலாந்து
14 நவம்பர் 1954

அன்புள்ள ஒஸ்வால்டுக்கு,

உங்கள் கடிதமும் மாமி கட்டி அனுப்பிய மிளகாய்த்தூளும் வந்து சேர்ந்தன. பொதி உடைந்து கடிதம் முழுக்கத் தூள். தும்மித் தும்மித்தான் வாசித்தேன்.

இனி ஒரு செய்தி. பதறாமல் வாசியுங்கள். என் வேலை உங்களுக்குத் தெரியும். போன வருடம் சார்தீனியாத் தீவிலிருந்து பலூனில் மேலே அனுப்பி இறக்கிய படத்தட்டுகளை நுணுக்குக்காட்டியில் வைத்து, வானத்திலிருந்து வரும் அண்டக்கதிர் ஊடுருவிய தடங்களைத் தேடுவது. தட்டுகள் புத்தகத்தின் தாள்போல அடுக்கியவை. ஒன்றில் கண்ட தடம் அடுத்ததிலும் தொடரும். போன கிழமை நான் ஒரு தடித்த கோட்டைக் கண்டேன். அது தொடங்கும் இடத்தில் தட்டில் கீறல் விழுந்திருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை.

இங்கே ஒரே தட்டை இரண்டு பேர் தனித்தனியே பார்ப்பது முறை. அடுத்த மேசையில் இருக்கும் பெரில் என்ற பெண் பார்த்துவிட்டு, அது கனமான அணுக்கரு ஒன்று போன தடம் என்று எழுதினாள். ஆய்வகப் பெரியவர்களும் அதையே சொல்கிறார்கள். நான் அது பல தடம் என்கிறேன். எங்கேயோ ஒரு கதிர் மோதி, அதிலிருந்து கிளம்பிய பல துகள்கள் ஒட்டிக்கொண்டு போகின்றன. எவ்வளவு ஒடுக்கமாகப் போகின்றனவோ அவ்வளவுக்கு மோதிய கதிரின் சக்தி பெரிது. பல என்றால், இங்கே இதுவரை கண்டவற்றில் மிகப் பெரியவற்றுள் இது ஒன்று.

தட்டுத் தட்டாகத் தொடர்ந்துபோனால் எங்கேயாவது விரிந்து பிரியும். பிரியாவிட்டால் பெரில் சொன்னது சரி. அதற்கு மாதங்கள் ஆகும். என்னை ஏப்ரல்வரை வைத்திருக்கச் சம்மதிக்கிறார்கள். கலியாணத்தை உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு வைப்போமா?

உங்கள்
ஐறீன்


கொட்டாஞ்சேனை, கொழும்பு
25 நவம்பர் 1954

என் ஐறீனுக்கு,

உயிர்ப்புக்குப் பிறகாம். இரண்டு வருடம் என்று சொல்லித்தானே கப்பல் ஏறினீர். துறைமுகக் கந்தோர் மேசையில் இருந்துகொண்டு, வருகிற கப்பலையெல்லாம் இதில் வருவாளோ என்று பார்க்கிறவனுக்கு நீர் ஒரு கோட்டைக் காட்டுகிறீர். கோடு எழும்பி ஓடவா போகிறது? பெரிலிடம் கொடுத்துவிட்டு வாரும்.

கோபிக்கவேண்டாம், ஃபாதரிடம் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் கொடுத்துவிட்டேன். ஜனவரி ஒன்பதாம் தேதி முதல் மூன்று ஞாயிறு கோயிலில் கலியாண அறிக்கை வாசிப்பார்கள். கலியாணம் செய்யக்கூடாத தவக்காலம் தொடங்குமுன், பெப்ரவரி பத்தொன்பதாம் தேதி கலியாணம். நீர் ஜனவரி இருபதாம் தேதிக் கப்பலில் ஏறினால் சரியாக வந்து இறங்குவீர். உம்மைக் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம். கேட்டால் இன்னொரு கோடு காட்டுவீர்.

உம்முடைய டோரின் அக்கா வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்து அம்மாவோடு கலியாணக் கேக் கதை கதைத்துவிட்டுப் போனா. அம்மா ஒன்றுதான் சொன்னா: “இனியும் தள்ளிப் போட்டால் நான் எந்த முகத்தோட பூசைக்குப் போறது, தம்பி?”

உம்மையே நினைத்திருக்கும்
ஒஸ்வால்ட்


பிறிஸ்டல்
4 டிசம்பர் 1954

ஒஸ்வால்டுக்கு,

என் பெயரை என்னைக் கேட்காமல் கொடுத்திருக்கிறீர்கள். கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

கோடு ஓடாதுதான். ஆனால் நான் விட்டால் அதைத் தொடர ஒருவரும் இல்லை. பெரில் அது ஒற்றைத் தடம் என்று முடித்துவிட்டாள். மே மாதம் அடுக்கைப் பிரித்து வேறு வேறு நாடுகளுக்கு அனுப்பப் போகிறார்கள். பிறகு யார் சேர்த்துப் பார்ப்பது?

இந்த வேலை இப்படித்தான் வளர்ந்தது. நாற்பது வருடத்துக்கு முந்தி ஓர் ஒஸ்திரியர் பலூனில் ஏறி, மேலே போகப்போக இந்தக் கதிர் கூடுவதைக் கண்டார். பிறகு ஓர் ஒல்லாந்தர் ஜாவாக் கப்பலில் கருவியோடு போய், நம்முடைய பக்கத்துக் கடலில் அது குறைவதைக் கண்டார். யுத்தத்துக்குச் சற்று முந்தி பாரிசில் தூரத்தூர வைத்த கருவிகள் ஒரே கணத்தில் கதிர் பட்டு அடித்தன. ஒரே கதிர் காற்றில் உடைந்து மழையாகக் கொட்டியிருந்தது. அவ்வளவு சக்தி வானத்தில் இருக்கும் என்று அதுவரை ஒருவரும் எண்ணவில்லை. இப்போது அமெரிக்காவில் துகள்களுக்குச் சக்தி ஏற்றும் பெரிய இயந்திரம் கட்டிவிட்டார்கள், இனித் தட்டுப் பார்க்கிறவர்களுக்கு வேலை இராது என்று இங்கே பேச்சு. என் கோட்டின் சக்தியை எந்த இயந்திரமும் தராது. அதனால் இதை முடிக்கத்தான் வேண்டும்.

கப்பலில் எனக்கென்று பதிந்திருந்த இடத்தை வேண்டாமென்று எழுதிவிட்டேன். தயவுசெய்து அறிக்கையை நிறுத்துங்கள்.

ஐறீன்


கொட்டாஞ்சேனை
10 ஜனவரி 1955

ஐறீன்,

நேற்று வாசித்துவிட்டார்கள். நிறுத்தச் சொல்ல வேண்டுமென்று சனிக்கிழமை ஃபாதரின் வாசல்வரை போனேன். மணியை அடிக்காமல் திரும்பி வந்தேன். அம்மா புதுச் சீலை உடுத்து முன்வரிசை வாங்கில் இருந்தா. பெயர்களைச் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டா. பின்னுக்கிருந்த பேதுரு மாமா முதுகில் தட்டினார். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

கப்பல் ஏஜென்சியில் விசாரித்தேன். இருபதாம் தேதிக் கப்பலில் இன்னும் இடம் இருக்கிறதாம். நான் ஒருத்தரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவன் என்று உமக்குத் தெரியும். கெஞ்சிக் கேட்கிறேன், வந்துவிடும்.

ஒஸ்வால்ட்


பிறிஸ்டல்
16 ஜனவரி 1955

ஒஸ்வால்டுக்கு,

ஐந்து தட்டுகளைத் தாண்டிவிட்டேன். கோடு இன்னும் பிரியவில்லை. பெரில் சொன்னதே சரியாக இருக்கலாம். அப்படியே ஆனாலும் நான் அந்தக் கப்பலில் வரமாட்டேன். முடிவு தெரியாமல் வந்தால் காலம் முழுக்க உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு பெண்சாதி உங்களுக்கு வேண்டாம்.

அறிக்கை வாசிக்கும்போது, தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு ஒன்று தெரியும். பெண் சம்மதிக்கவில்லை. இதை நானே ஃபாதருக்கு எழுதலாம். எழுதினால் உங்களைச் சபைக்கு முன்னால் தலைகுனிய வைத்தவளாவேன். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். இது சனிக்கிழமைக்குள் வந்துவிடும்.

மூன்றாம் ஞாயிறும் வாசிக்க விட்டீர்களானால் இனி எனக்கு எழுதவேண்டாம். உங்களில் ஆசை இல்லாமல் இதை எழுதுகிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். நிறைய இருக்கிறது.

ஐறீன்


கொட்டாஞ்சேனை
23 ஜனவரி 1955, ஞாயிறு

என் ஐறீனுக்கு,

இன்றைக்கு வாசிக்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் உம்முடைய கடிதம் வந்தது. சட்டைகூட மாற்றாமல் ஃபாதரிடம் போய், ஒரு தடை இருக்கு என்றேன். என்ன தடை என்று கேட்டார்.

“பெண்ணைக் கேளாமல் பெயர் குடுத்திட்டன், ஃபாதர். அவ இப்ப ஓம் எண்டு சொல்லேல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இதை முதல் ஞாயிறே சொல்லியிருக்கலாமே, ஒஸ்வால்ட்” என்றார். பிறகு புத்தகத்தை எடுத்து இரண்டு பெயர்களையும் வெட்டினார். என் பெயரை என் கண்முன்னே வெட்டுவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது ஆட்கள் கேட்டார்கள். பிழை என்னில்தான் என்று சொன்னேன். அம்மாவுக்கு நேற்றிரவிலிருந்து என்னில் கோபம். சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறா. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எப்போது வருவீர் என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. இனிப் பெயர் கொடுப்பதென்றால் இரண்டு பேருமாகப் போய்க் கொடுப்போம். வேண்டாமென்றால் அதையும் நீரே சொல்லும்.

ஆறாம் தட்டைப் பார்த்துவிட்டீரா? கோடு பிரிந்ததா? அதை முதலில் எழுதும்.

ஒஸ்வால்ட்