மஞ்சள் உப்பும் வாழைக் கறையும்

நண்பா,

இன்று காலை ஸ்டுடியோ அலமாரியில் யுரேனியம் நைட்ரேட் சீசாவைத் திறந்தேன். அதே எலுமிச்சை மஞ்சள். சீமையில் சண்டை தொடங்கியபின் கப்பலில் மருந்து வருவதில்லை, இதுதான் கடைசி. படத்துக்குச் செம்பழுப்பு ஏற்ற இதைத்தான் கரைப்போம். இன்று ஏற்ற வேண்டியது உன் படம். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, ஸ்ரீரங்கத்து வீட்டில் பார்க்க உன் முகம் ஒன்றுகூட இல்லையென்று உன் அம்மா சொல்லியனுப்பினார். நான் விளையாட்டாக எடுத்த ஒரே நெகட்டிவ்தான் இருந்தது.

அந்த வாழைமட்டையை நீ மறந்திருக்க மாட்டாய். ஜீயபுரத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிய வண்டியில் தொற்றிக்கொண்டு கல்லூரிக்கு வருகிறவன் நான். அன்று லேபில் சோதனைக்குழாய்க்குத் தக்கை கிடைக்கவில்லை. பையில் கிடந்த பச்சை மட்டையைக் கிள்ளி அடைத்துக் குலுக்கினேன். குழாயிலிருந்த யுரேனியம் நைட்ரேட்டின் மஞ்சள் கரைசல் பழுப்பாகிவிட்டது.

"தோப்பையே கொண்டாந்துட்டான்யா! கெட்டுப்போச்சு, கொட்டு" என்றார் டெமான்ஸ்ட்ரேட்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

நீ என் கையைத் தடுத்தாய். "கொட்டாதேடா. இது கறை இல்லே. பிடிச்சிருக்கு."

"யாருக்கு யாரைடா பிடிச்சிருக்கு?"

"யுரேனியத்துக்கு ஃபீனாலை. வாழைச்சாறுல அந்த ஜாதிச் சரக்குதானேடா இருக்கு!"

நீ இரண்டு சொட்டு அமிலம் விட்டாய்; மஞ்சள் திரும்பியது. சோடாக் கரைசல் விட்டாய், மறுபடி பழுப்பு. "ஃபீனால் கையில ஒரு ஹைட்ரஜன் இருக்கு. அதை விட்டாத்தான் யுரேனியத்தைப் பிடிக்க முடியும். ஆசிட் வந்தா பழைய ஹைட்ரஜனையே பிடிச்சுண்டு இதை விட்டுடும்."

"மணப்பாறைச் சந்தையில மாட்டுக் கயிறு கை மாறுற மாதிரின்னு சொல்லு."

"பரீட்சையில அப்படியே எழுதித் தொலைக்காதேடா!"

பரீட்சை வரைக்கும் நான் இருக்கவில்லை. உட்கார்ந்து படிக்க என்னால் ஆகாது, விட்டுவிட்டேன். வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ மட்டும் சைக்கிளில் வந்தாய். "காலேஜை விட்டாச்சு, சரி. இப்போ கை காலியாத்தானே இருக்கு? எதையாவது பிடிடா!" என்று திட்டி, இந்த ஸ்டுடியோவுக்கு இழுத்துவந்தாய். நான் இன்று சாப்பிடுகிற சோறு அந்தத் திட்டில் வந்தது.

அப்படிப்பட்ட உன் படத்துக்கே இன்று பழைய வேலையைக் காட்டினேன். அவசரத்தில், நெகட்டிவைத் துலக்கும் பைரோகேலால் டெவலப்பர் இருந்த கோப்பையைக் கழுவாமல் மஞ்சள் கரைசலை ஊற்றிவிட்டேன். அதுவும் ஃபீனால் ஜாதிதானே. பழுப்பு.

"கடைசி மருந்துப்பா, போச்சா?" என்றார் முதலாளி. "கொட்டிட்டு வேற வேலையப் பாரு."

"கொட்ட மாட்டேங்க."

அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். உன் பேரைச் சொல்லிக்கொண்டே விட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பழுப்பு வெளுத்து மஞ்சள் வந்தது. மற்ற மருந்தைச் சேர்த்துப் படத்தை உள்ளே விட்டேன். உன் முகத்தில் செம்மை ஏறியது. இடது தோளருகே மட்டும் ஒரு பழுப்புத் திட்டு நின்றுவிட்டது. எவ்வளவு கழுவியும் போகவில்லை.

சாயங்காலம் காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் அம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தத் திட்டை விரலால் தடவி, "இது என்னடா, கறையா?" என்றார்.

என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. "கறை இல்லம்மா. பிடிச்சிருக்கு."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கும்தான்டா" என்றார்.