குடத்துக்கு ஈயம்

திருச்செங்கோடு,
ஆவணி, 1934

என் மகளைப் பெற்றவளுக்கு,

நலமாக இருக்கிறேன். குழந்தைக்கு மூன்றாம் மாதம் அழைக்க வருகிறேன் என்றவன் வரவில்லை என்று உன் அப்பா கோபித்திருப்பார். நியாயந்தான். ஐந்தாம் மாதமும் நாள் சரியில்லை என்று ஜோசியர் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடு.

போர்டுப் பள்ளிக்கூடம் தவறாமல் நடக்கிறது. சம்பளந்தான் மாசியோடு நின்றுவிட்டது. போன வாரம் பெரிய ஆபீசுக்குப் போய்க் கேட்டேன்.

“தாலுகா போர்டையே சர்க்கார் கலைச்சுப்போட்டாங்க, வாத்தியாரே. கடன்பட்டவனே செத்துப்போனா யாருகிட்டங்க கேக்கறது?” என்று குமாஸ்தா சிரித்தார்.

அப்பன் செத்தால் அவன் கடனை மகன் தலையில் கட்டுகிறார்கள். போர்டுக்கு மட்டும் மகன் கிடையாதாம்!

உன் சீர்ப் பாத்திரங்களைக் கேட்டிருந்தாய். அண்டாவையும் குண்டாவையும் ஈயம் பூசக் கொடுத்திருக்கிறேன். நேற்று பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகையில் பக்கத்து வீட்டு மாரக்காள் பார்த்துவிட்டாள். “ஏனுங்க வாத்தியாரே, தண்ணிக் கொடத்துக்கு ஆராச்சும் ஈயம் பூசுவாங்களா?” என்றாள். குடத்தைத் தோள் மாற்றிக்கொண்டு வட்டிக்கடைத் தெருப் பக்கம் திரும்பினேன். நீயும் கேட்காதே.

குழந்தை குப்புற விழுந்துவிட்டாளாமே. யார் ஜாடை என்று நீ எழுதவே இல்லை.

ஏழாம் மாதம் என்று இப்போது வாக்குக் கொடுக்க மாட்டேன். உன் அண்ணன் கொண்டுவந்து விட்டால், வரும்போது ஒரு மண்சட்டியும் மண்குடமும் எடுத்து வா. ஈயம் பூசுகிறவன் இனி இந்தப் பக்கம் வரமாட்டான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்