ஏழரை எச்.பி. மோட்டாரும் எட்டு கோர் மூளையும்

மச்சான்,

போன வெள்ளிக்கிழமை என் மகள் கயல் போட்ட சத்தத்தில், தெருவில் போய்க்கொண்டிருந்த தயிர்க்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நான் ஏதோ கொலை செய்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். நான் செய்தது கிரீஸ் வைத்ததுதான்.

புதுக் கம்ப்யூட்டரின் பாகங்களைக் கூடம் முழுக்கப் பரப்பி வைத்து, கயல் தானே ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தாள். அதில் பிராசசர் என்று ஒன்று. மொத்தத்துக்கும் அதுதான் மூளையாம். பிஸ்கட் அளவுதான் இருக்கிறது, ஆனால் அது வந்த பெட்டியில் ஒரு ஜோடி செருப்பு வைக்கலாம். அந்த மூளை சூடேறாமல் இருக்க அதன்மேல் ஒரு விசிறி உட்காரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பசை. ஊசி போடும் குழாய் மாதிரி ஒன்றை என் கையில் கொடுத்து, "நைனா, இத்த அதும்மேல வெய்யி, நான் ஸ்க்ரூ எடுத்துனு வரேன்" என்று உள்ளே போனாள். அவள் திரும்பி வருவதற்குள், பேரிங்குக்குக் கிரீஸ் திணிப்பதுபோல மொத்தக் குழாயையும் பிதுக்கி, ஆள்காட்டி விரலால் நான்கு மூலைக்கும் வழித்து அப்பி முடித்திருந்தேன்.

"ஐயோ நைனா! அரிசி அளவு போதும்! இன்னா, இட்லிக்கு சட்னியா ஊத்துற?"

"கம்மியா வெச்சா சூடாயிடும்னு நெனைச்சேம்மா."

"இது மோட்டார் இல்ல நைனா!"

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அவள் துடைக்க ஆரம்பித்தாள். நான் நைசாக நழுவிக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினேன். சோப்புக்கும் போகவில்லை, தேங்காய் நாருக்கும் போகவில்லை. நகக்கண்ணிலும் ரேகையிலும் சாம்பல் நிறமாக அப்படியே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே குழாயை மூட மறந்துவிட்டேன். அது என் கை மாதிரி இல்லை, மச்சான். உன் கை மாதிரி இருந்தது.

அந்தக் கையோடுதான் நீ டீ குடிப்பாய். அந்தக் கையோடுதான் என் கல்யாணத்தில் மொய்க் கவர் கொடுத்தாய். கவரின்மேல் உன் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்ததைப் பார்த்து, பேரே எழுத வேண்டாம் என்று என் மனைவி சிரித்தாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த உன் மோட்டார் கடைக்கு வல்லத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் ஆள் வருவார்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தினி எச்.பி. போடலாம்?" நீ அதற்குப் பதிலே சொல்ல மாட்டாய். "மொதல்ல கெணத்தக் காட்டு" என்பாய்.

கிணற்றடியில் நீ செய்கிற வேலை எங்களுக்கெல்லாம் கேலிக்கூத்து. வாடகை மோட்டாரை இறக்கி, தண்ணீர் விழுகிற இடத்தில் பெரிய டிரம்மை வைத்து, அது நிறைய எத்தனை நிமிஷம் என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பாய். அது போதாதென்று, கிணறு வற்றினால் திரும்ப ஊற எவ்வளவு நேரம் என்று பார்க்க அரைநாள் வரப்பில் குந்தியிருப்பாய். "கெணத்துக்கு ஜாதகம் பாக்குறான்டா" என்று நான்தான் உனக்குப் பட்டம் கட்டிவிட்டேன். ராஜகிரிக் கோட்டைக்கு மேலே ஏறினபோதுகூட, எல்லோரும் ஊரைப் பார்த்து நிற்க, நீ சுனையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "பாரு மச்சான், ராஜா எத்தினி எச்.பி. வாங்கினான்? தண்ணி இருக்கிற எடமாப் பாத்துக் கோட்டைய கட்டினான்" என்றாய். நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் அன்றைக்குப் பதிலுக்குக் கேலி செய்ய முடியவில்லை.

சரி, கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன்.

நீ பார்த்தபோது கயல் காலேஜில் இருந்தாள். இப்போது வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை, பேனர் எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிறாள். மீதி நேரத்தில் கம்ப்யூட்டரில் விளையாட்டு. நாமெல்லாம் நினைக்கிற விளையாட்டு இல்லை. ஐந்து பேர் கொண்ட குழு. மதுரையில் ஒருத்தி, கோயம்புத்தூரில் இரண்டு பேர், சென்னையில் ஒருத்தி, செஞ்சியில் இவள். அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே போட்டியில் ஆடுகிறார்கள். இவளுடைய பழைய லேப்டாப் முக்கியமான நேரம் பார்த்து உறைந்துபோய் நின்றுவிடும். இவள் நின்றால் மற்ற நாலு பேரும் தோற்பார்கள். அப்படி மூன்று தடவை ஆனபிறகு, குழுவின் தலைவி மதுரைப் பெண் நேராகவே சொல்லிவிட்டாள்: அடுத்த ஞாயிறும் இப்படி நின்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம். கயல் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இரண்டு வருஷம் பத்திரிகை அடித்துச் சேர்த்ததை எடுத்தாள். அதில் ஒரே ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பாக வாங்கினால் குழுவும் போச்சு, பணமும் போச்சு.

விழுப்புரம் கடைக்குக் கிளம்பும்போது எனக்கு ஒரு நிபந்தனை. "நைனா, நீ வா. ஆனா வாயத் தொறக்கக் கூடாது." ஃபிரிட்ஜ் வாங்கப் போன இடத்தில் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டவன் நான். அவள் பயம் நியாயமானது.

கடையில் இருந்தவர் முப்பது வயதுக்காரர், தாடி வைத்தவர், மரியாதையான ஆள். கயல் என்ன வேலை செய்கிறாள், என்ன ஆடுகிறாள் என்று கேட்டுவிட்டு, ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "சிஸ்டர், கேமிங்னா இதான். பதினாறு கோரு. யோசிக்கவே வேணாம்."

கோர் என்றால் அந்த மூளைக்குள் இருக்கிற வேலையாட்கள் மாதிரி என்று கயல் பஸ்ஸிலேயே எனக்குப் பாடம் நடத்தியிருந்தாள். அவள் வீட்டில் எழுதிக்கொண்டு வந்தது எட்டு கோர். ஆனால் குழுவில் இரண்டு பேரிடம் பதினாறு இருக்கிறதாம். அந்தப் பெட்டியை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினாறை வாங்கினால், மீதிப் பணத்துக்குத் திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு சின்னதாகத்தான் கிடைக்கும். "பரவால்ல அண்ணா, கார்டு அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள்.

அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். என்னுடையதுதான்.

பக்கத்துக் கொல்லைக்காரர் அஞ்சு எச்.பி. போட்டார் என்று நான் ஏழரைக்கு நின்றது நினைவிருக்கிறதா? என் கிணற்றிலும் நீ டிரம் வைத்துப் பார்த்தாய், அரைநாள் குந்தினாய். "ஒன் கெணத்துக்கு மூணு போதும் மச்சான். இதுக்கு மேல போட்டா தண்ணி வராது, காத்துதான் வரும்" என்றாய். நான் உன்னிடம் சொல்லாமல் திண்டிவனம் போய் ஏழரையோடு வந்தேன். போட்டதும் தண்ணீர் பீறிட்டு அடித்தது. வாய்க்கால் கரையில் இடுப்பில் கை வைத்து நான் நின்ற நிலைக்கு ஒரு சிலையே வைத்திருக்கலாம். பக்கத்துக் கொல்லைக்காரர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அரைமணி ஓடட்டும் என்று விட்டுவிட்டு, ரோட்டுக்கு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கிணற்றில் சேறு. மோட்டாரிலிருந்து தீய்ந்த வாடை.

விழுப்புரம் கடையில் அந்த வாடை எனக்கு மறுபடி அடித்தது. வாயைத் திறந்துவிட்டேன்.

"தம்பி, இந்தப் பொண்ணு ஆடுற ஆட்டத்துக்கு எத்தினி ஆளு வேணும்?"

"நைனா..." என்று கயல் பல்லைக் கடித்தாள்.

"இல்லம்மா, கேக்குறேன். ரெண்டு செண்டு மல்லாட்டக் கடல புடுங்க பதினாறு ஆளு எதுக்கு? மீதி ஆளு வரப்புல ஒக்காந்து கத பேசுவான்."

கடைக்காரர் சிரித்தார். "அப்பிடி இல்லண்ணே, பெருசா இருந்தா நல்லதுதான?"

"நல்லதா இல்லியான்னு ஓட்டிக் காட்டுப்பா. ஓட்டிக் காட்டாத மோட்டார நான் வூட்டுக்கு எடுத்துனு போறதில்ல."

இது உன் வசனம். கடை நடுவில் நான் சொந்த வசனம் மாதிரி அடித்துவிட்டேன். நல்லவேளையாக அங்கே பூட்டி வைத்த கம்ப்யூட்டர்கள் சில இருந்தன. ஒன்றில் பதினாறு கோரும் சின்ன கார்டும். இன்னொன்றில் எட்டு கோரும் அதைவிடப் பெரிய கார்டும். இரண்டிலும் கயல் ஆடுகிற ஆட்டத்தையே போட வைத்தேன். திரையின் மூலையில் எண்கள் ஓடின. நொடிக்கு எத்தனை படம் வருகிறது, மூளை எவ்வளவு உழைக்கிறது, கார்டு எவ்வளவு உழைக்கிறது என்று எல்லாம் தெரிகிறது. டிரம்மும் கைக்கடிகாரமும் உள்ளேயே வைத்து விற்கிறார்கள், மச்சான். நீ இருந்திருந்தால் அந்தத் திரையை விட்டு நகர்ந்திருக்க மாட்டாய்.

பதினாறு கோர்காரனில் படம் நொடிக்குத் தொண்ணூறைத் தாண்டவில்லை. சண்டை வந்ததும் எழுபதுக்கு இறங்கியது. கார்டு நூற்றுக்கு நூறு மூச்சு வாங்குகிறது. மூளையோ இருபதுகூட உழைக்கவில்லை.

"பாத்தியா, மோட்டாரு சும்மா சுத்துது. தண்ணி இல்ல" என்றேன்.

எட்டு கோர்காரனில் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. கயலிடம் இருக்கிற திரை நொடிக்கு எவ்வளவு காட்டும் என்று கேட்டேன். நூற்று நாற்பத்து நாலு என்றாள். "அப்ப வாய்க்கா நெறைய தண்ணி வந்துட்ச்சு. இதுக்கு மேல ஊத்துனா வரப்புதான் ஒடையும்." பத்திரிகை வடிவமைக்கிற மென்பொருளையும் திறக்கச் சொன்னேன். பத்து பேனரை ஒரே நேரத்தில் திறந்தும் அது அசரவில்லை.

"நாளைக்கு இன்னும் பெருசு வேணும்னா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"இதே போர்டுலயே மூளைய மட்டும் மாத்திக்கலாம்ணே."

பைப்பை மட்டும் ஒரு சைஸ் பெரிதாகப் போட்டு வை, மோட்டாரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நீ சொன்னது அதுதானே! எட்டு கோர், பெரிய கார்டு, அதோடு நம்ம ஊர் கரண்டுக்கு ஒரு யூ.பி.எஸ். கணக்கு முடிந்தது. பில் போடும்போது கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, நீங்க எந்தக் கம்பெனில இருக்கீங்க?" பத்தாவது பரீட்சையை இரண்டு தடவை எழுதியவனைப் பார்த்துக் கேட்டார், மச்சான். பஸ்ஸில் செஞ்சி வரைக்கும் நெஞ்சு நிமிர்ந்தே வந்தேன். அந்த நெஞ்சு இறங்கியது வெள்ளிக்கிழமை பசை வைத்தபோதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டி. கூடத்தில் நானும் என் மனைவியும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் எனக்குப் புரியவில்லை. கயலின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கட்டத்தில் தலைக்கு மேல் ஓடிய விசிறி நின்றது, டியூப் லைட் போனது. கரண்ட் கட். கம்ப்யூட்டரையும் இன்டர்நெட் பெட்டியையும் தாங்கிக்கொண்டு யூ.பி.எஸ். 'கீக் கீக்' என்று கத்தியது. திரை மட்டும் அணையவில்லை, உறையவும் இல்லை. எதிர்க்குழுவில் மீதியிருந்த இரண்டு பேரையும் இவள் ஒருத்தியே முடித்தாள். ஹெட்போனுக்கு வெளியிலேயே கேட்கிற மாதிரி மற்ற நாலு பேரும் கத்தினார்கள். "செஞ்சிக் கோட்டைய அவ்ளோ சீக்கிரம் புடிக்க முடியாதுடி!" என்று இவளும் கத்தினாள். மதுரைப் பெண் என்னிடம் பேச வேண்டும் என்றாளாம். "அப்பா, எனக்கும் ஒண்ணு செலக்ட் பண்ணித் தாங்க" என்றாள். நான் உடனே, "மொதல்ல ஒன் மானிட்டர் இன்னான்னு சொல்லும்மா" என்றேன். கிணற்றைக் காட்டு என்பதைத்தான் அப்படிச் சொன்னேன்.

எல்லாம் அடங்கியபிறகு கயல் கேட்டாள்: "ஒனக்கு எப்பிடி நைனா இதெல்லாம் தெரிஞ்சுது?"

"ஒங்க மோட்டார் மாமா சொல்லிக் குடுத்தது" என்றேன்.

"அவரு சொன்னத கேட்டும் நம்ம மோட்டார் ஒரு தடவ எரிஞ்சுதே?"

"அது..." என்று இழுத்தேன்.

"தெரியும், வோல்டேஜ்ல. மாமாவே சொல்லியிருக்காரு."

அவளுக்கும் நீ அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாய்.

அன்றைக்கு எரிந்த மோட்டாரை வண்டியில் போட்டு உன் கடைக்குக் கொண்டுவந்தேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். நீ கேட்பதற்கு முன்னாலேயே, "வோல்டேஜ் மச்சான், கரண்டு சரியில்ல" என்றேன். நீ மோட்டாரைப் பிரித்தாய். உள்ளே இருந்த செம்புக் கம்பிக் காயிலை மூக்கருகே கொண்டுபோனாய். தண்ணீர் இல்லாமல் எரிந்ததும் வோல்டேஜில் எரிந்ததும் உனக்கு ஒன்றா? என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு அந்த நாலு பேரையும் பார்த்து, "ஆமாம்பா, வோல்டேஜ்தான். பாவம், புது மோட்டாரு" என்றாய். மறுநாள் நீயே வந்து மூணு எச்.பி.யை இறக்கிவிட்டுப் போனாய். அது இன்றைக்கும் ஓடுகிறது.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது, "மோட்டாரு எப்பிடி ஓடுது மச்சான்?" என்று கேட்டாய். இத்தனை வருஷத்தில் நீயாகக் கேட்டது அந்த ஒரு தடவைதான். உண்மை வாய் வரைக்கும் வந்தது. "சூப்பரா ஓடுது" என்று சொல்லிவிட்டு, மல்லாட்டை விலை பேச ஆரம்பித்துவிட்டேன். நீயும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய்.

நகக்கண்ணில் அந்தச் சாம்பல் நிறம் இன்னும் முழுசாகப் போகவில்லை. தேய்ப்பதையும் நிறுத்திவிட்டேன். உன்னிடமும் சொல்லவில்லை, இப்போது கயலிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதத்தான் முடிகிறது:

அன்னிக்குக் கரண்டு நல்லாத்தான் இருந்துது, மச்சான்.